எட்டும் தூரத்தில் இருந்த கொட்டாப்புளி

காலையிலிருந்து மழை. பட்டறைக்குள் வச்சிரம் காய்ச்ச வைத்திருந்தேன். மாட்டுத்தோலை வேகவைத்து எடுக்கிற அந்தப் பசையின் நாற்றம் எனக்கு ஆகவே ஆகாது, உமக்குப் பிடிக்கும். "நாத்தமா வே இது? ரெண்டு பலகை ஒண்ணாகப் போவுதுன்னு சொல்லுத வாசனைல்லா" என்பீர். இன்று ஈரக்காற்றில் அது வெளியே போக வழியில்லாமல் கூரைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றது. அடுப்பை அணைத்தேன். வேலையையும் போட்டுவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கே அனுப்பப் போகிறீர் என்று கேட்காதேயும். அதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஐரோப்பாச் சண்டை முடிகிற சமயத்தில் வந்த விஷக்காய்ச்சல் வண்ணார்பேட்டையில் வீட்டுக்கு ஒரு ஆளைக் கொண்டுபோயிற்று. உம் வீட்டில் உம்மைக் கொண்டுபோயிற்று. ஒரு வருஷம் ஆகிவிட்டது. என் மகள் காந்திமதிக்கு இப்போது ஒன்பது வயது, எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். என்றைக்காவது இந்தத் தாள் அவள் கையில் கிடைக்கும். அவள் பிறந்த அன்று பட்டறையில் நடந்தது அவளுக்குத் தெரியாது, அவள் அம்மாவுக்கும் முழுசாகத் தெரியாது. ஆகையால் உமக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளும்.

நாம் ரெண்டு பேரும் தச்சநல்லூரில் ஒரே தெருவில் பிறந்த ஆசாரிப் பிள்ளைகள். உமக்குப் பத்து வயதில் உம் அப்பா கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து, குடும்பத்தோடு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார். தெருவில் உங்களோடு தண்ணீர் புழங்குவதை நிறுத்தினார்கள். என் வீட்டிலும்தான் நிறுத்தினார்கள். பதினைந்து வருஷம் கழித்து ஒரு மாட்டு வண்டியில் ஒரு மேசையை ஏற்றிக்கொண்டு, டவுனுக்கு மேற்கே பேட்டையில் வாய்க்கால் ஓரம் இருந்த என் பட்டறை வாசலில் வந்து நின்றீர். பாளையங்கோட்டையில் மிஷன் தொழில்கூடத்தில் வேலை கற்றிருந்தீர். "நீரு உளிக்காரரு, நான் இழைப்புக்காரன். சேந்து பாப்பமா வே?" என்று கேட்டீர். நடுவில் பதினைந்து வருஷம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அந்த மேசை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இடுப்பு உயரம், ஆறடி நீளம், ஓரத்தில் திருகு வைத்த ஒரு பிடிப்பு. நானோ தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவன். என் அப்பனும் அவன் அப்பனும் அப்படித்தான் செய்தார்கள். "நாள் பூரா நிக்கதுக்கு நான் என்ன காவக்காரனா?" என்று கேட்டேன். "பெருவிரல வெட்டிக்கிட்டு ஒருநாள் என் மேசைக்கு வருவீருலா, அன்னைக்குப் பேசிக்கிடுதேன்" என்றீர். ஒரே கூரைக்குள் நீர் நின்று வேலை பார்த்தீர், நான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். வருகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தெற்கே தேரிக்காட்டில் உம் சபையார் கட்டின கோயிலுக்குக் கதவு செய்யும் வேலை உம்மால்தான் வந்தது. பத்தடி உயரத்தில் இரட்டைக் கதவு. பாபநாசம் மலையிலிருந்து இறங்கிய தேக்கு. அளவுக்குச் சரியாக இருந்தது, ஒரு பலகை கெட்டால் மாற்றுப் பலகை கிடையாது. பூசை போடுகிற ஆசாரியோடு கூட்டுச் சேர்ந்து செய்த கதவு கோயிலுக்கு ஆகுமா என்று சபையில் ரெண்டு பேர் முனகினார்கள். நீர் எழுந்து நின்று, சபையார் எல்லாருக்கும் கோயிலில் சோறு போடுகிற அசனப் பண்டிகைக்கு முன்னால் கதவு நிற்கும், நிற்கவில்லை என்றால் இனி உளியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தீர். என்னிடம் அதைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "எனக்காவ நீரு எதுக்கு வே சத்தியம் பண்ணுதீரு?" என்றேன். "உமக்காவ இல்ல. கதவுக்காவ" என்றீர்.

ஆறடி மேசையில் பத்தடிக் கதவை எப்படிக் கிடத்துவது? மேசையின் தெற்கு முனையில் ரெண்டு துளை போட்டீர். நாலடிக்கு ஒரு நீட்டுப் பலகை செய்து அதன் நாக்கை அந்தத் துளைகளில் செருகினீர். பலகையின் வெளி முனைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக ரெண்டு முட்டுக்கால். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு ஆப்பு. கொட்டாப்புளியால், உம்முடைய அந்த மரச்சுத்தியால், ஒரு தட்டுத் தட்டினால் பலகை மயிரிழை ஏறும், தளர்த்தினால் இறங்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தீர். கால் நிற்கிற ரெண்டு இடத்தையும் முழங்கால் ஆழம் தோண்டி, செங்கல் ஜல்லி போட்டு, அரை நாள் இடித்துக் கெட்டித்தீர். ஊர்ப்பட்ட வேலையாக இருக்கிறதே என்று நான் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். "மேசைக்கு வாலு முளைச்சிருக்கு வே" என்றேன். "வாலுக்குக் காலும் இருக்கு, பாரும்" என்றீர்.

முதல் கதவு நல்லபடியாக முடிந்தது. ரெண்டாவதை ஒட்ட நாள் பார்த்தது நீர்தான். ஆயுத பூசைக்கு முந்தின நாள் ஒட்டிவிடுவோம், பூசையன்று நாம் யாரும் வேலை பார்க்கப் போவதில்லை, பசை பாட்டுக்கு இறுகட்டும் என்றீர். எனக்கும் அது சரியாகப் பட்டது.

அந்த நேரம் என் வீட்டில் கோமதிக்கு நிறைமாதம். அதற்கு முன்னால் ரெண்டு பிள்ளை பெற்று ரெண்டும் தங்கவில்லை. ரெண்டாவது பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் போயிற்று. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்த ஆயுத பூசையன்று, பக்கத்து வீட்டுக் கட்டில் கால் ஒடிந்தது என்று கேட்டார்களே என, பூசையில் வைத்த உளியை எடுத்து நான் அரை நாழிகை வேலை பார்த்திருந்தேன். "பூசைல இருந்த உளிய எடுத்தீகள்ளா, அதுக்குத்தான் இது" என்று கோமதி அப்போதே சொன்னாள். நான் சண்டை போட்டேன். ஆனால் மனசுக்குள் நானும் அதையேதான் நினைத்தேன். அந்த வருஷம் பூசை நெருங்கியபோது பட்டறைக்கே வந்து, உம் முன்னால் வைத்தே கேட்டாள். "பூசைக்கு மறுநாள் விசயதசமியில மறுபூசை முடிஞ்சி எடுக்குத வரைக்கும் ஒரு சாமான் நகரக்கூடாது. என் தலைல கைவச்சிச் சொல்லுங்க." கை வைத்துச் சொன்னேன். நீர் இழைப்பை நிறுத்திவிட்டு வெளியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

கதவை ஒட்டி, கயிறு முறுக்கி, நீட்டுப் பலகையோடு சேர்த்துக் கிடத்திவிட்டு, சாமான்களைத் துடைக்க உட்கார்ந்தோம். உளி, வாச்சி, ரம்பம், மூலமட்டம் எல்லாம் மேசைக்குப் பக்கத்துச் சுவரோரம் பலகை போட்டு அடுக்கினேன். நீர் உம்முடைய இழைப்புளிகளையும் கொட்டாப்புளியையும் துடைத்து என்னிடம் நீட்டினீர். "உங்க ஆளுக ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றேன். "இழைப்புளி ஒருநாள் இங்கன தூங்குனா யாருக்கு வே என்ன?" என்றீர். கிளம்பும்போது வாசலில் நின்று, "எல்லாத்துக்கும் சந்தனம் வைக்கீரு. நான் செஞ்ச முட்டுக்கு மட்டும் ஒரு பொட்டு கெடையாது. வாலுன்னுதான நினைக்கீரு" என்று சிரித்துவிட்டுப் போனீர்.

விளையாட்டுக்குச் சொன்னது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வேதக்காரர் தன் சாமானை என் பூசைக்குத் தந்துவிட்டுப் போகிறார், அவர் ஒரு வாரம் பாடுபட்டுச் செய்ததை நான் மதிக்கவில்லையே என்று பட்டது. முட்டுக்கால் ரெண்டில் ஒன்றை அதன் ஆப்போடு எடுத்துக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, உம் கொட்டாப்புளிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். கதவு சும்மாதானே கிடக்கப் போகிறது, அடி இல்லை, இழைப்பு இல்லை, ஒரு கால் போதும் என்று நினைத்தேன். மிச்சக் காலை நடுவுக்கு நகர்த்தி ஆப்பை இறுக்கினேன். நீர் கெட்டித்த இடம் ரெண்டும் ஓரத்தில் இருந்தன. நடுவில் வெறும் மண். ஆயுசு முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். என் வேலையில் தரை என்றைக்கும் இறங்கினதில்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. உம்மைச் சந்தோஷப்படுத்தப் போகிறோம் என்ற நினைப்பில் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

ராத்திரியெல்லாம் மழை. விடியும்போது கோமதிக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வந்தாள். நான் பட்டறையில் எதையும் கவனிக்காமல் அவசரமாகப் பூசையை முடித்துவிட்டு, பின்னால் வீட்டு முற்றத்தில் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பசை எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்த மழையில் வண்ணார்பேட்டையிலிருந்து நடந்தே வந்தீர். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர். சத்தமாகக் கூப்பிடவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

வாய்க்கால் ஊற்று உள்ளே வந்து தரை நொதுக்கென்று இருந்தது. நடுவில் நின்ற முட்டுக்கால் ஒரு சாண் புதைந்து சாய்ந்திருந்தது. நீட்டுப் பலகையின் நாக்கு துளையிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. கதவின் முனை தொங்கி, ஒட்டின இடம் வாய் திறக்கப் போகிற நேரத்தில், நீர் உள்ளே குனிந்து வலது தோளைக் கொடுத்து நின்றீர். மொத்தக் கதவின் பாதி கனம் உம் தோளில். பக்கத்துச் சுவரில் சந்தனம் வைத்த முட்டுக்காலைப் பார்த்தீர், பிறகு என்னைப் பார்த்தீர்.

"அந்தக் கால எடுத்து அதுக்க எடத்துல நிறுத்தும். ஆப்புல ஒரே ஒரு அடி. போதும்" என்றீர்.

நான் அசையவில்லை. வீட்டுக்குள் கோமதி கத்தியது கேட்டது.

"இன்னைக்குத் தொடக்கூடாது வே" என்றேன்.

"நான் எடுக்கட்டுமா? நான் வேதக்காரன்லா."

"தொடாதீரும்" என்றேன். கெஞ்சினேனா, அதட்டினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நீர் தோளை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தீர். "செரி. வீட்டுல உரலு இருக்குமே, பைய உருட்டிக்கிட்டு வாரும். அது மேல நிறுத்திக்கிடுவோம்" என்றீர். "இந்தா வந்துட்டேன்" என்று ஓடினேன்.

முற்றத்தில் மருத்துவச்சி எதிரே வந்தாள். பிள்ளை குறுக்கே நிற்கிறது, தன் கைக்கு அடங்கவில்லை, தச்சநல்லூரில் இருக்கிற பெரியவளைக் கூட்டிவா, இப்போதே போ என்றாள். நான் போய்விட்டேன். உரலை நினைக்கவில்லை, உம்மை நினைக்கவில்லை. மழையில் டவுனைத் தாண்டி ஓடினது நினைவிருக்கிறது. அந்தக் கிழவி வண்டி இல்லாமல் வரமாட்டேன் என்றது நினைவிருக்கிறது. பூசை நாளில் வண்டி கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்தது நினைவிருக்கிறது. திரும்பி வந்து சேரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. கிழவி உள்ளே போய் வெகு நேரம் கழித்துத்தான் பிள்ளையின் சத்தம் கேட்டது. மூஞ்சியைக் கையால் துடைத்தேன். அப்போதுதான் நீர் ஞாபகம் வந்தீர்.

ஓடி வந்து பார்த்தேன். அதே இடத்தில் அப்படியே நின்றீர். முகத்தில் ரத்தமே இல்லை. கால் ரெண்டும் கணுக்கால் வரை சேற்றுக்குள் இருந்தன. இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில்தான் உம்முடைய கொட்டாப்புளி இருந்தது. அதற்குப் பக்கத்தில் முட்டுக்கால், அதற்குப் பக்கத்தில் ஆப்பு. நான் வைத்த சந்தனம் கலையாமல் இருந்தது.

"என்ன பிள்ள?" என்றீர்.

"பொட்டப்பிள்ள."

"உசிரோட இருக்காளா?"

"இருக்கா."

"அப்ப அந்த உரலக் கொண்டாரும்."

உரலை உருட்டி வந்து முட்டுக் கொடுத்தேன். நீர் தோளை எடுத்ததும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டீர். நான் உம் முன்னால் உட்கார்ந்து அழுதேன். "மொதல்ல ஒட்டு பிரிஞ்சிருக்கான்னு பாரும் வே, பொறவு அழலாம்" என்றீர். பிரியவில்லை. அசனத்துக்கு நாலு நாள் முன்னால் கதவு நின்றது, உம் சொல் தப்பவில்லை.

தோள்தான் போயிற்று. வைத்தியர் எண்ணெய் போட்டு நீவினார், கட்டுக் கட்டினார், பத்தியம் சொன்னார். வலது கை தோள் உயரத்துக்கு மேலே அதன் பிறகு எழும்பவே இல்லை. கேட்டவர்களிடம் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தேன் என்றீர். உம் பெண்டாட்டியிடமும் அதையே சொன்னீர். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பூசை குறையில்லாமல் நடந்ததால்தான் பிள்ளை தங்கினாள் என்று கோமதி இன்றைக்கும் சொல்கிறாள். அப்படியும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும்.

அதற்கப்புறம் அந்த மேசைக்கு முட்டுச் செய்கிற வேலை எனக்கு வந்தது. உம் முழங்கை தோளுக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று நீர் நிற்க ஒரு படி செய்தேன். வலது கையைச் சாய்த்துக்கொள்ள மேசை ஓரத்தில் ஒரு தாங்கு பலகை வைத்தேன். நீளமான மரத்தை நீர் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்று மேசையின் வடக்கு முனைக்கும் ஒரு நீட்டுப் பலகை செய்தேன். ஒவ்வொன்றுக்கும் நிற்கிற இடத்தைத் தோண்டி, ஜல்லி போட்டு, இடித்துக் கெட்டித்தேன். நீர் மேலே ஏறி நின்று குறை சொல்வீர். "இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கும். அறுத்தாச்சா? ஐயோ, கூடிப்போச்சே வே." வேண்டுமென்றேதான் அலைக்கழித்தீர் என்று தெரியும். பத்துத் தடவை மாற்றினேன். நீர் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நீட்டமான இழைப்பை உம்மால் இழுக்க முடியாமல் போனபோது, நானும் எழுந்து நின்று மேசையின் மறுபக்கத்திலிருந்து இழைப்புளியைப் பிடித்துக்கொண்டேன். காலால் மரம் பிடித்தவன் இப்போது நின்றுதான் வேலை பார்க்கிறேன்.

போன வருஷமும் இந்த வருஷமும் ஆயுத பூசைக்கு எல்லாச் சாமானையும் வைத்தேன், ஒரு கொட்டாப்புளியைத் தவிர. அதை வாசலில், யார் கைக்கும் எட்டுகிற மாதிரி வைத்தேன். தச்சநல்லூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இது என்ன புதுப் பழக்கம் என்று வைதார். எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு ஆகிவிட்டது. காரணம் கேட்டார், சொல்லவில்லை. கோமதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காய்ச்சலில் நீர் கிடந்தபோது மூன்றாம் நாள் வந்து பார்த்தேனே. கிட்டே வரக்கூடாது என்று உம் பெண்டாட்டி சொல்லியும் கேட்காமல் கட்டில் காலில் உட்கார்ந்தேன். எட்டு வருஷமாகக் கேட்காததை அன்று கேட்டேன். "நான் அங்கன இல்ல வே. பாக்கவும் ஆளில்ல. கை நீட்டுனா எட்டும். ஏன் வே எடுக்கல?"

நீர் வெகு நேரம் இருமினீர். பிறகு சொன்னீர்: "நான் அத எடுத்து, அங்கன பிள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா, ஆயுசுக்கும் நீரு என்னாலதான்னுல்லா வே நினைப்பீரு."

"சே, நான் அப்படி நினைப்பனா?" என்றேன். நீர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்.

அன்று நான் சொன்னது பொய். நினைத்திருப்பேன். வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன். உம்மோடு சேர்ந்து வேலை பார்த்திருப்பேன், வெற்றிலை மாற்றியிருப்பேன், சிரித்திருப்பேன். ஆனால் நீர் கொட்டாப்புளியைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நினைத்திருப்பேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத அது, தோளில் கதவோடு நின்ற உமக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் எட்டு வருஷம் என்னோடு ஒரே மேசையில் நின்றீர்.